கல்லுக்குக் காவல் உண்டு, ஊற்றுக்கு இல்லை: இந்தியத் தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும், வடோதரா, ஜெய்ப்பூர், டெல்லி, திருச்சி வட்டங்களில் பணிபுரியும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் அகமதாபாத்தில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழன். கட்டடங்களுக்குக் கடைக்கால் எடுக்கும் முன் மண்ணைத் துளைத்துப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். இந்த ஊர் மண்ணையும் அதன் நீர்மட்டத்தையும் பார்த்தே காலம் போயிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். தமிழில் எழுதியிருக்கிறானே என்று யோசிக்க வேண்டாம். சென்னையிலும் திருச்சியிலும் உங்களுக்கு வட்ட அலுவலகம் இருக்கிறது, படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் பாதுகாப்பில் இருக்கும் படிக்கிணறுகளில் கல்லை நன்றாகவே பார்த்துக்கொள்கிறீர்கள். தண்ணீரை யாருமே பார்க்கவில்லை. கிணற்றுக்குள் ஊறும் நீரும் அந்த நினைவுச்சின்னத்தின் ஒரு பகுதி என்று உங்கள் கோப்புகளில் எழுதப்பட வேண்டும். இந்த மடலில் நான் கேட்பதெல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

முதலில் சட்டம். பண்டைய நினைவுச்சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைப்பகுதி, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஒரு கோட்டைக்கோ கோயிலுக்கோ இது நல்ல காப்பு. பக்கத்தில் ஐந்து மாடி எழும்பாது. ஆனால் அதே சட்டம் ‘கட்டுமானம்’ என்பதற்குத் தரும் வரையறையைப் படித்துப் பாருங்கள். பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்கும் பணிகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. விலக்கு தப்பு என்று சொல்லவில்லை, ஊருக்குக் குடிநீர் வேண்டும். ஆனால் பாதுகாக்கப்பட்ட ஒரு கிணற்றின் காலடியிலேயே ஆழ்துளைக் கிணறு இறங்கி அதன் ஊற்றை உறிஞ்சினால், அது அந்தச் சின்னத்தைச் சிதைக்கும் செயல் என்ற எண்ணமே அந்த வரையறையில் இல்லை. நிலத்தடி நீரோ 300 மீட்டரில் கோடு போட்டு நிற்பதும் இல்லை. வடக்கு குஜராத்தில், குறிப்பாக மெஹ்சானா பக்கம், பாசனத்துக்கு எத்தனை நூறு அடி போர் போடுகிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில்தான் பாட்டன் நகரமும் இருக்கிறது.

பாட்டன் ராணி கி வாவ் (வாவ் என்றால் படிக்கிணறு) விஷயத்தில் உங்கள் துறையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் மனைவி உதயமதி 11-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சரஸ்வதி ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹென்றி கசின்ஸும் ஜேம்ஸ் பர்ஜஸும் வந்து பார்த்தபோது மேலே சில தூண்கள்தான் தெரிந்தன. பிறகு உங்கள் துறை மண்ணை அள்ளி, சரிந்ததை நிமிர்த்தி, 1980-களில் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தது. 64 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 27 மீட்டர் ஆழம். ஏழு அடுக்குப் படிகள், 500-க்கு மேற்பட்ட பெரிய சிற்பங்கள், அதுபோக ஆயிரத்துக்கு மேல் சிறியவை. கிணற்றுச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள் அடுக்கடுக்காக மூன்று நிலைகளில் இருக்கிறார். வண்டலே போர்வையாக இருந்ததால்தான் அந்த முகங்களில் மூக்கும் விரலும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ பட்டியல், 2018-இல் ஊதா நிற 100 ரூபாய் நோட்டு. எல்லாம் வந்தாயிற்று. போகிறவர்கள் சிற்பத்தை எண்ணுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். நீர் இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு பலகை இல்லை.

ஊரிலிருந்து வரும் நம்மவர்கள் பலர் இதைத் தெப்பக்குளம் மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அடிப்படையே வேறு. தெப்பக்குளம் மேலிருந்து வரும் மழைநீரையும் வாய்க்கால் நீரையும் தேக்கிவைப்பது. படிக்கிணறு கீழே இருக்கும் ஊற்றைத் தேடி மனிதர்கள் இறங்கிப் போவது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மழை ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மழை முடிந்ததும் நீர் மேலேறி நிற்கும், கோடையில் பல மீட்டர் இறங்கிவிடும். உறைக்கிணறாக இருந்தால் கயிற்றின் நீளம் கூடிக்கொண்டே போகும். படிக்கிணற்றில் நீர் எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும் குடத்தோடு நடந்து போகலாம். ஐப்பசியில் பத்துப் படி, சித்திரையில் எண்பது படி, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் உள்ள வட்டக் கிணறு தனி. அதன் மேல்வாயில் கமலை கட்டி மாடு பூட்டித் தோல்சாலில் நீர் இறைப்பார்கள். வயலுக்கும் கால்நடைக்கும் அந்தத் தண்ணீர், குடத்துக்கும் குளியலுக்கும் படிப்பக்கத் தண்ணீர். ஒரே ஊற்றுக்கு இரண்டு வாசல்.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அகமதாபாத் பக்கத்து அதாலஜ் படிக்கிணற்றுக்குப் போய் நீண்ட படிவரிசையின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். இருபுறமும் நெடுஞ்சுவர். சுவருக்குப் பின்னால் சபர்மதிச் சமவெளியின் வண்டல் மணல். மழைக்காலத்தில் அது நனைந்து கனத்து உள்ளே தள்ளும். இவ்வளவு ஆழத்தில் அந்த அழுத்தம் சாதாரணமானதல்ல. இன்றைக்கு நாங்கள் அடித்தளம் தோண்டினால் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே இரும்பு உத்தரங்களைக் குறுக்கே நிறுத்தி முட்டுக்கொடுப்போம். அதாலஜில் படிகளுக்கு நடுவே விட்டு விட்டு நிற்கும் தூண் மண்டபங்கள் செய்வதும் அதே வேலைதான். குஜராத்தில் கூடா என்கிறார்கள். ஐந்து தளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்தத் தூண்களும் உத்தரங்களும் எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றையொன்று தாங்கவைக்கின்றன. வழிப்போக்கர் உட்கார நிழல், மேலே காற்று வர வெட்டவெளி, சுவருக்கு முட்டு எல்லாம் ஒரே கல்லில் முடிந்துவிட்டது. கிணற்றுத் தண்டை வட்டமாக எடுத்ததும் கணக்குப் போட்டுத்தான். வட்டச் சுவரை மண் எந்தப் பக்கம் தள்ளினாலும் கற்கள் ஒன்றோடொன்று நெருக்கித் தாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் தற்செயலாக வந்ததல்ல. பழைய சிற்ப நூல்களில் ஒரு வாசலும் மூன்று கூடாவும் உள்ளது நந்தா, இரண்டு வாசல் பத்ரா, மூன்று வாசல் ஜயா, நான்கு வாசலும் பன்னிரண்டு கூடாவும் என்றால் விஜயா என்று வகை பிரித்தே வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு மூன்று கூடா என்பது கணக்கு. எங்கள் வரைபடங்களில் இந்த ஒழுங்கு இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

இந்தச் சுவர்களை வடிவமைத்தவர்கள் ஈரத்தோடு வாழக் கற்றவர்கள். கல் இடுக்குகளில் நீர் கசிந்து வெளியேற வழி இருந்தது. பழுதுபார்க்கிறேன் என்று அந்த இடுக்குகளில் சிமெண்ட் பூசி அடைத்தால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்கும். அழுத்தம் ஏறும், உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து மணற்கல்லை உதிர்க்கும். உங்கள் துறைக்குச் சுண்ணாம்பின் அருமை தெரியும். ஆனால் உங்கள் கையில் இல்லாத கிணறுகளில் நகராட்சி ஒப்பந்ததாரர்கள் சிமெண்ட் மூட்டையோடுதான் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் விதிமுறை ஒன்றை அந்தந்த மாநில மொழியில், ஒப்பந்தத்தோடு இணைக்கும்படியான சின்னக் கையேடாக நீங்கள்தான் வெளியிட முடியும்.

அதாலஜில் இன்னொரு குறையும் உண்டு. அங்கே வழிகாட்டிகள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். ராணாவைக் கொன்ற சுல்தான் மஹ்மூத் பேகடா ராணி ரூடாபாயை மணக்கக் கேட்டான், கிணற்றை முடித்துத் தா என்றாள், முடிந்ததும் அதிலேயே குதித்தாள். கேட்கிறவர்கள் கண்கலங்குகிறார்கள். உள்ளே இருக்கும் சமஸ்கிருதக் கல்வெட்டில் அந்தக் கண்ணீர் இல்லை. மஹ்மூத் ஆட்சிக்காலத்தில், வீரசிம்மனின் மனைவி ரூடா இதைக் கட்டினாள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கா நாணயம் செலவானது என்கிறது அது. ஆண்டு 1499. ஒரு இந்து ராணி சுல்தானின் பெயரைக் கல்லில் பொறித்து ஊருக்குக் கிணறு வெட்டினாள் என்ற செய்தி, குதித்துச் செத்தாள் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. கல்வெட்டின் முழுப் பொருளையும் குஜராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் வைப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை.

அதே 1499-இல் அகமதாபாத் அசார்வாவில் சுல்தானின் அந்தப்புரத்தை மேற்பார்த்த பாய் ஹரீர் ஒரு வாவ் கட்டினாள். அரபியில் ஒரு கல்வெட்டு, சமஸ்கிருதத்தில் ஒன்று. சமஸ்கிருதக் கல்வெட்டில் இது யாருக்காக என்று எழுதியிருக்கிறது. நாலு திசையிலிருந்தும் தாகத்தோடு வரும் மனிதர், விலங்கு, பறவை, மரம் என 84 லட்சம் வகை உயிர்களுக்கும். சட்டப்படிப் பார்த்தாலும், கட்டியவள் எதற்காகக் கட்டினேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஆவணம் அது. அந்த வாவில் நீர் வற்றி நெடுங்காலம் ஆகிறது. சிற்பம் இருக்கிறது, எண்கோண வாயில் வழியாக வெளிச்சம் இறங்குகிறது, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடிகள் வருகிறார்கள். நோக்கம் மட்டும் போய்விட்டது.

பழைய பெருமையை மட்டும் பாடினால் மடல் பாதிதான். படிக்கிணறுகளைக் கைவிட்டதற்கு ஆங்கிலேயரின் சுத்தம் பற்றிய பிடிவாதமும் குழாயும் போரும் மட்டும் காரணமல்ல. நரம்புச்சிலந்தி என்ற புழுநோய் ஒரு உண்மையான காரணம். புண்ணுள்ள கால் தண்ணீரில் படும்போது புழு தன் குஞ்சுகளை விடும், நீரில் உள்ள நுண்ணுயிரி அதை விழுங்கும், அந்த நீரைக் குடித்தவர் காலில் அடுத்த ஆண்டு புழு தொங்கும். இறங்கி மொள்ளும் கிணறு இதற்கு வசதியான இடம். ராஜஸ்தான் இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒழிப்புத் திட்டத்தில் படிக்கிணறுகளை மூடிய கிணறுகளாக மாற்றினார்கள், மருந்து போட்டார்கள். 1996-இல் கடைசி நோயாளி, 2000-இல் இந்தியா விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. அந்த வேலையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்பது மறுபடியும் குடத்தோடு இறங்கிக் குடிக்க வேண்டும் என்றல்ல. நிலத்துக்கு நீர் திரும்ப வேண்டும் என்பதுதான். எல்லாச் சாதிக்கும் எல்லாப் படியும் திறந்திருந்தது என்ற கற்பனையும் எனக்கு இல்லை. கல்வெட்டில் 84 லட்சம் உயிர் இருக்கலாம், ஊர்க்கட்டுப்பாடு வேறு கணக்கு வைத்திருந்தது.

இனி இந்தூர். 2023 மார்ச் 30, ராமநவமி. பட்டேல் நகர்க் கோயிலில் கூட்டம் நின்ற தரை இடிந்து விழுந்தது. தரைக்குக் கீழே இருந்தது ஒரு பழைய பாவ்டி, அதாவது படிக்கிணறு. அதன் வாயை மூடித் தளம் போட்டு மேலே கோயிலை விரித்திருந்தார்கள். 36 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாளில் கட்டடத்தை இடித்தார்கள், பாவ்டியையும் மண்போட்டு மூடினார்கள். கோபம் புரிகிறது. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. தப்பு கிணற்றினுடையதா, மூடியவர்களுடையதா? அது உங்கள் பட்டியலில் இல்லாத கிணறு, உங்கள் பொறுப்பும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நாடு முழுவதும் நீங்கள் காப்பது சுமார் 3,700 சின்னங்கள். படிக்கிணறுகளோ குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், டெல்லி, தெலங்கானா, கர்நாடகம் என்று ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பாதுகாக்கச் சொல்லவில்லை. எங்கே எது இருக்கிறது, அதன் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற ஒரு பதிவேடு போதும். அதை நகராட்சிகளுக்கு அனுப்பினால், தளம் போட அனுமதி கேட்டு வரும் கோப்பில் கீழே கிணறு இருப்பது தெரிந்துவிடும்.

செய்ய முடியாததையும் கேட்கவில்லை. டெல்லி நிஜாமுதீன் தர்கா பாவ்லி 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2008-இல் அதன் சுவரில் ஒரு பகுதி இடிந்தது. ஆகா கான் அறக்கட்டளை உங்கள் துறையோடு சேர்ந்து சுவரை எடுத்துக்கட்டி, அடி வரைக்கும் தூர்வாரியது. ஊற்று உயிரோடு இருக்கிறது. ஹைதராபாத் பன்சிலால்பேட்டையில் குப்பைமேடாகக் கிடந்த கிணற்றை மாநகராட்சியும் தன்னார்வலர்களும் சேர்ந்து அள்ளி 2022-இல் திறந்தார்கள், நீர் நிற்கிறது. ஜோத்பூரில் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணற்றில் கோடை விடுமுறையில் பையன்கள் மேல்படியிலிருந்து குதித்து நீந்துகிறார்கள். மூன்று இடத்திலும் நீர் இருப்பதால்தான் ஆளும் இருக்கிறது. அங்கெல்லாம் கிணற்றைப் பார்த்துக்கொள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராஜஸ்தானின் ஆபானேரியில் சாந்த் பாவ்ரி படிக்கிணற்றில் 3,500 படிகள், ஆனால் இறங்க அனுமதி இல்லை, கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். விபத்துப் பயம் நியாயம்தான். ஒரு பக்கப் படியையாவது, குறைந்த எண்ணிக்கையில், காவலர் துணையோடு திறந்துவிட முடியாதா?

எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணறு. கிணற்றுக்குள் தூண் மண்டபம், ஆண்டு முழுதும் அதில் தண்ணீர். சித்திரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் அந்த மண்டபத்துக்குள் எழுந்தருள்கிறார். அதற்காக நீரை இறைத்து வெளியேற்றி, உள்ளே சுத்தம் செய்கிறார்கள். திருவிழா முடிந்ததும் ஊற்று தானாக ஏறிக்கொள்கிறது. இந்தப் பராமரிப்புக்கு டெண்டர் கிடையாது, திட்ட அறிக்கை கிடையாது, பெருமாள் வரும் தேதிதான் கெடு. எல்லாக் கிணற்றுக்கும் பெருமாள் வர மாட்டார். ஆனால் ஆண்டுக்கொருமுறை தூர்வார ஒரு தேதியை அலுவலகமே குறிக்கலாம்.

திருச்சி வட்டத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, ஆலம்பாக்கத்து விசையநல்லூழான் தம்பி கம்பன் அரையன் எடுத்த மார்பிடுகு பெருங்கிணறு ஸ்வஸ்திக வடிவில் நான்கு பக்கமும் படி திரும்பி இறங்குகிறது. ஒரு துறையில் குளிப்பவரை மறுதுறையில் நிற்பவர் பார்க்க முடியாது. உதயமதியின் வாவுக்கு இது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. வாழ்க்கை நிலையில்லாதது, மூப்பு வரும் முன் உண்டது போக மிச்சத்தை உலகம் அறியக் கொடுத்து வையுங்கள் என்று கல்வெட்டில் ஒரு பாட்டே உண்டு. படிக்கிணறு என்றால் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் மட்டுமே சொந்தம் என்று எண்ணும் வெளியூர்ப் பயணிகளைப் பெருமாள் கோயிலோடு திருப்பி அனுப்பாமல், இந்தக் கிணற்றுக்கும் அழைத்துவர ஒரு நல்ல பலகை வையுங்கள்.

கடைசியாக, செலவில்லாத கோரிக்கை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுதும் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. பாட்டன், அதாலஜ், அசார்வா, ஆபானேரி நான்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் போதும். அளந்த எண்ணை நுழைவாயிலில் எழுதிவையுங்கள். இந்த மாதம் இத்தனை மீட்டர், போன ஆண்டு இதே மாதம் இத்தனை. ஐந்தாறு ஆண்டு எண்கள் சேர்ந்தால், சட்டத்தின் அந்த வரையறையை ஏன் திருத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாட உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கும். வற்றிய இடத்தில் சுற்றுப்புறக் கூரைகளின் மழைநீரை எங்கே இறக்கலாம் என்பதையும் அந்த எண்கள்தான் காட்டும். குத்துமதிப்பாகக் குழி வெட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

குஜராத்துக்கு மழை ஜூன் நடுவில் வரும். அதற்கு முன் முதல் அளவை எடுத்துவிட்டால் ஒரு முழுச் சுற்று கிடைக்கும். ஆள் இல்லை, கருவி இல்லை என்று கோப்பு திரும்பி வந்தால் அசார்வாவை என்னிடம் விடுங்கள். அளவு நாடா என்னிடம் இருக்கிறது. உள்ளே இறங்க உங்கள் அனுமதிக் கடிதம் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
அகமதாபாத்திலிருந்து ஒரு மண் பரிசோதனைக்காரன்